பல்வரு உறுப்பு: ஒரு கலைச்சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

எக்ஸ்எம்எல் (XML) என்பது தரவைப் பெயரிட்ட உறுப்புகளாக, ஒன்றுக்குள் ஒன்றாக எழுதும் கோப்பு வடிவம். அந்தக் கோப்பில் ஒரே பெயரோடு பல தடவை வரக்கூடிய உறுப்பை எப்படி அழைப்பது என்பதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் தரவு ஒருங்கிணைப்பு வேலையில் வைத்துப் பார்த்தேன்.

> ‘மீள் உறுப்பு’ போதாதா?

போதாது. மீள்வது என்றால் போனதே திரும்பி வருவது. ஓர் ஆர்டருக்குள் ‘பொருள்’ என்ற உறுப்பு மூன்று முறை வந்தால் திரும்பி வருவது பெயர் மட்டும்தான், உள்ளே இருப்பவை வேறு வேறு. இந்தச் சொல்லோடு பழகும் புதியவர் இரண்டாவதை நகல் என்று எண்ணி நீக்கிவிடக்கூடும்.

> அடுக்குத்தொடர் போல ‘அடுக்குறுப்பு’ எனலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ‘பாம்பு பாம்பு’ என்பதைப் பிரித்தாலும் ஒவ்வொன்றும் பொருள் தரும், ‘சலசல’ அப்படித் தராது. நம் உறுப்பும் தனித்தனியே பொருள் தருவது. ஒரு சொல் நான்கு முறை வரை அடுக்கும் என்று நன்னூல் எல்லை வேறு வைக்கிறது. கோப்பில் எது எப்படி வரலாம் என்ற விதிகளை எழுத 2001-இல் வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமாவும் அதையே செய்கிறது: ஓர் உறுப்பு குறைந்தது எத்தனை முறை, அதிகம் போனால் எத்தனை முறை என்று எழுதலாம், எழுதாவிட்டால் இரண்டும் 1. எல்லையே இல்லை என்றும் அறிவிக்கலாம். ஆனால் படிநிலைக் கோப்பைப் பற்றிப் பேசும்போது ‘இரண்டாம் அடுக்கில் உள்ள உறுப்பு’ என்று ஆழத்தைச் சொல்லவும் அதே சொல்தான் வாயில் வருகிறது. மனமில்லாமல்தான் விடுகிறேன்.

> ‘பன்மை உறுப்பு’?

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஒரு வேலையில் வாடிக்கையாளர் பதிவுகளை எக்ஸ்எம்எல்லிலிருந்து ஜேசான் (JSON) என்ற இன்னொரு தரவு வடிவத்துக்கு மாற்றி எடுத்துக்கொண்டிருந்தோம். சோதனைக் கோப்புகளில் ஆளுக்கு ஒரே தொலைபேசி எண்தான். மாற்றும் நிரல் அதை ஒற்றை மதிப்பாக எழுதியது. இரண்டு எண்கள் உள்ள முதல் பதிவு வந்த அன்று அதே நிரல் பட்டியலாக எழுத, எங்கள் பக்கத்து வேலை அப்படியே நின்றுவிட்டது. ஸ்கீமா எத்தனை முறைக்கு இடம் தருகிறது என்று நிரல் பார்க்கவே இல்லை, கோப்பில் இருந்ததை எண்ணியதோடு சரி. ஒரே ஓர் எண் இருந்தபோதும் அது பல தடவை வரக்கூடிய உறுப்புதான். ‘பன்மை’ என்றால் இப்போது பல இருக்கின்றன என்றாகிவிடும். நமக்கு வேண்டியது எண்ணிக்கையை அல்ல, அனுமதியைச் சொல்லும் சொல்.

அதனால் ‘பல்வரு உறுப்பு’ என்று முன்வைக்கிறேன். ஆடுகொடி, வருபுனல் போல வினைத்தொகை. வந்த, வருகிற, வரும் என்ற மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கிறது. இன்னும் ஒன்றுதான் வந்திருக்கிறது என்றாலும் சொல் பொய்யாகாது. ஒரு முறைக்கு மேல் வர முடியாததை ‘ஒற்றை உறுப்பு’ எனலாம். ‘பல்வரவு’ என்றும் யோசித்தேன். கணக்குக் கோப்புகளில் வரவு என்றாலே பணம்தான், அதனால் வேண்டாம்.

அப்புறம், துணைச்சொற்கள். பல்வரு உறுப்பை அட்டவணையில் வரிசைகளாக இறக்கும்போது தாய் உறுப்பின் (அதை உள்ளடக்கிய உறுப்பின்) அடையாளத்தையும், அந்தத் தாய்க்குள் அது எத்தனையாவது என்ற எண்ணையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அதை ‘உள்வரிசை எண்’ என்றால் தெளிவு. எக்ஸ்எம்எல் கோப்பில் உறுப்புகளைத் தேடி எடுக்கும் மொழியான எக்ஸ்பாத்தில் (XPath) இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் பொருள்[1] என்று கேட்டால் ஒவ்வொரு தாயின் முதல் பொருளும் வந்து நிற்கும், கோப்பின் முதல் பொருள் மட்டும் வராது. ‘உள்’ அதைத்தான் நினைவூட்டுகிறது.

இன்னொன்றுக்கும் பெயர் வேண்டும். ஒரே ஆர்டரில் மூன்று ‘பொருள்’, இரண்டு ‘கட்டணம்’. இரண்டையும் ஒரே அட்டவணையில் தட்டையாக்கினால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு கட்டணத்தோடும் சேர்ந்து 6 வரிசைகள். கூட்டிப் பார்த்தால் பொருள்களின் விலை இரண்டு மடங்கு, கட்டணம் மூன்று மடங்கு. தனித்தனி அட்டவணையில் இறக்கினால் இது வராது. இப்படிப் பெருகுவதை நான் ‘குறுக்குப் பெருக்கம்’ என்று எழுதி வருகிறேன். கணிதத்தில் வெக்டர்களின் குறுக்குப் பெருக்கலோடு குழம்புமா என்ற சந்தேகம் தீரவில்லை. கணிதம் கற்பிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.