பிசிறு: அடுப்படியிலும் பனியன் கம்பெனியிலும் உங்களுக்கு நடந்தது

லைன்வீட்டுக்காரி, திருப்பூர்:
பக்கத்து வீட்டில் ஒடிசாப் பொண்ணு ஒருத்தி. பனியன் கம்பெனியில் பிசிறு, அதாவது தைத்த துணியில் தொங்கும் நூல், வெட்டுகிறாள். தெரிந்த தமிழெல்லாம் செக்கிங் டேபிளில் கற்றதுதான். ராகிப் புட்டுக்கு மாவைத் தட்டில் கொட்டி, "கண்ணு, இதைக் கொஞ்சம் பிசிறு, தேங்காய் துருவிட்டு வரேன்" என்றேன். வந்து பார்த்தால், தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, மாவை விரலால் தள்ளித் தள்ளி நூல் தேடுகிறாள். "அக்கா, பிசிறு இல்லே, சுத்தமா இருக்கு" என்றாள். அந்த அக்கறையைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. இந்த ஊரில் அவளிடம் யாரும் வேலைப் பேச்சைத் தாண்டிப் பேசவே இல்லை போல. உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

செக்கிங்காரன், பல்லடம்:
எங்கம்மா வீட்டுக்கே மூட்டை வாங்கிப் பிசிறு வெட்டினார். ஒருமுறை கழுத்துப் பட்டியில் நூல் நிற்கிறது என்று மூட்டை முழுசையும் திருப்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பீஸாக மறுபடி பிரித்தார். பீஸ் கணக்குக் கூலி, இரண்டாம் தடவைக்குக் காசு கிடையாது. விடிந்ததும் அதே கையால் எங்களுக்குப் புட்டு மாவு பிசிறினார்.

தமிழாசிரியர், ஈரோடு:
இருவரும் ஒரே சொல்லாக எழுதுகிறீர்கள், அது சரியல்ல. மாவைக் கலப்பது 'பிசறுதல்', வினை. துணியில் நிற்பது 'பிசிர்', பேச்சில் பிசிறு. சங்கப் பாடல்களில் பிசிர் என்றால் அலை சிதறும் நீர்த்துளி. வகுப்பில் கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பையன் எழுந்து, "அவரும் நூல் வெட்டறவருங்களா ஐயா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் வீட்டில் அந்த வேலைதான். பிசிர் அவர் ஊர்ப் பெயர், பாண்டிய நாட்டில் இருந்தது என்று விளக்கினேன். அவன் கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது.

அம்மாயி பேத்தி, கோபி:
ஐயா சொல்வது ஏட்டுக்குச் சரி. எங்க பக்கம் வாயில் வருவது பிசிறுதான். "கறிக்கு மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசிறி வைய்யி" என்றுதான் அம்மாயி சொல்லும். பிசைவது வேறு, அதில் அழுத்தம் வேண்டும். பிசிறுவதற்கு விரல் நுனி போதும்.

திருப்பூர் அக்காவுக்கு ஒன்று. உப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள், தெளித்துத் தெளித்துப் பிசிறுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். கட்டி தட்டினால் சல்லடையில் சலித்துவிடுங்கள். கொஞ்ச நேரம் மூடி வைத்து அப்புறம் ஆவியில் வையுங்கள், ராகிக்கு ஈரம் ஊறணும். அந்தப் பொண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து மாவில் கை வைக்கச் சொல்லுங்கள். பதம் வாயால் சொல்லி வராது.

தையல்கடை, பெருந்துறை:
எல்லோரும் பனியனையே பேசுகிறீர்கள். பனியன் பின்னல் துணி, அதை வெட்டினால் ஓரம் சுருளும், அவ்வளவாக நூல் பிரியாது. கம்பெனியில் வெட்டுவது தையல் முடிகிற இடத்தில் தொங்கும் நூலை. நெய்த துணிதான் ஓரம் பிரிந்து பிசிறு தட்டும். பட்டு ரவிக்கை ஒன்று என்னிடம் வந்தது, உள் ஓரம் முழுக்கப் பிரிந்து அக்குளில் தையலே விட்டிருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள். அந்த அம்மா கடைவாசலில் நின்று அழுதார். தைக்கக் கொடுக்கும்போதே உள் ஓரத்துக்கு ஓவர்லாக், அதாவது நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல், கேளுங்கள். நைலான், பாலியஸ்டர் என்றால் நுனியை லேசாகச் சுட்டால் உருகி நிற்கும். பருத்தியிலும் பட்டிலும் அதைச் செய்யாதீர்கள், கருகிவிடும்.