கோல்டன் சாரியட் ரயிலை எச்.ஓ. அளவில் செய்ய: பழைய பெட்டிகளை எப்படி மாற்றுவது?

கூட்ஸ்ஷெட்:

வணக்கம் எல்லோருக்கும். கர்நாடகத்தின் சொகுசுச் சுற்றுலா ரயிலான கோல்டன் சாரியட்டை எச்.ஓ. அளவில், அதாவது 1:87-ல், மாடலாகச் செய்து ஓட்ட ஆசை. கையில் சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய வடிவ ஏசி த்ரீ டயர் பெட்டிகள் சிலவும், பின்னால் வந்த நீளமான எல்எச்பி வடிவப் பெட்டிகள் நாலும் இருக்கின்றன. எல்லாம் நம்மூர்க்காரர்கள் சிறிய அளவில் செய்து விற்றவை, பாடி ஸ்டைரீன் பிளாஸ்டிக், ஃபினிஷிங் சுமார். ஊதா பெயிண்ட் அடித்துப் பொன்னிறக் கோடு போட்டால் முடிந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள், தூரத்தில் நின்று பார்த்தால் எனக்கும் சரி என்றுதான் படுகிறது, ஆனால் கிட்டே போனால் ஊதா நிறத்தில் ஒரு த்ரீ டயர் பெட்டி நிற்பது கண்ணை உறுத்தும். சும்மா செய்வதென்றால் எப்போதோ செய்திருப்பேன்.

எல்எச்பி பெட்டிகளை இதில் சேர்க்கலாமா? ஊதாவுக்கு எந்த நம்பர் பெயிண்ட்? பெட்டிக்குப் பெட்டி பெயர் வருகிறதே, அதை எப்படிக் கொண்டுவருவது? என் பலகை எட்டடிக்கு நாலடி, ஒரு ஓவல், உள்ளே ஒரு லூப், அவ்வளவுதான். ஏர்பிரஷ் இருக்கிறது, த்ரீடி பிரிண்டர் இல்லை.

லைன்_கிளியர்:

பெயிண்டைக் கடைசியில் பேசலாம் தம்பி. முதலில் எந்தக் காலத்து ரயில் என்று முடிவு செய்யுங்கள். 2008-ல் ஓடத் தொடங்கியபோது பயணிகள் பெட்டி பதினொன்று, பெட்டிக்கு நாலு அறை, ஆக 44 அறை. நடுவில் சில வருடம் நின்றுபோய், ஐஆர்சிடிசி எடுத்துப் புதுப்பித்து 2024 டிசம்பரில் மறுபடி ஓட்டியபோது அறிவித்தது 40 அறை. உள்ளே நிறைய மாறிவிட்டது. ஒரு படத்தை 2010-லிருந்தும் இன்னொன்றை 2025-லிருந்தும் எடுத்து வைத்துக்கொண்டு செய்தால் எந்தக் காலத்திலும் ஓடாத ரயில் ஒன்று கிடைக்கும். எஞ்சினும் இதோடு சேர்ந்ததுதான். 2008 என்றால் மைசூர், ஹோஸ்பேட் பக்கமெல்லாம் டீசல், அதனால் டபிள்யூடிபி-4 போட்டால் பொருந்தும். இன்றைய ரயில் என்றால் மின்சார எஞ்சின் போடலாம்.

எல்எச்பி கேள்விக்கு வருகிறேன். அசல் ரயில் பெரம்பூரில் செய்தது, ஐசிஎஃப் வடிவம். அந்தக் காலத்தில் பெரம்பூரில் எல்எச்பி செய்யவே இல்லை, அப்போது அது பஞ்சாப் கபூர்தலா தொழிற்சாலையின் சரக்கு. எல்எச்பி பாடி 23.54 மீட்டர், ஐசிஎஃப் 21.337 மீட்டர். எச்.ஓ.வில் 270.6 மி.மீ.க்கும் 245.3 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் அடுத்தடுத்து கோர்த்தால் பெயிண்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெட்டி நீளம் காட்டிக் கொடுத்துவிடும்.

அதற்காக அந்த நாலையும் ஒதுக்க வேண்டாம். போகி என்று நான் சொல்வது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியை. இரண்டு போகிகளுக்கு இடையிலான தூரம் ஐசிஎஃப்பில் 14,783 மி.மீ., எல்எச்பியில் 14,900 மி.மீ. உங்கள் அளவில் ஒன்றரை மி.மீ. கூட வித்தியாசம் வராது. எல்எச்பி நீளமெல்லாம் போகிக்கு வெளியே தொங்கும் இரண்டு முனைகளில்தான் இருக்கிறது. ஆகவே நடுவில் வெட்டி ஒட்டுகிற வேலையே வேண்டாம், போகி திரும்பும் அச்சான பிவட்டைத் தொடாமல் ஒவ்வொரு முனையிலும் 12.6 மி.மீ. எடுத்துவிட்டு முனைச் சுவரை மறுபடி ஒட்டினால் நீளம் சரியாகிவிடும். கூரையையும் அதே இடத்தில் வெட்டி, முனை வளைவை ஃபில்லர் வைத்துத் தேய்த்து எடுங்கள். பக்கச் சுவர் எப்படியும் போகப் போகிறது, கதவு எங்கே வந்து நிற்கிறது என்ற கவலை வேண்டாம்.

போகியை மட்டும் கண்டிப்பாக மாற்றுங்கள். எல்எச்பியில் இருப்பது ஃபியட் போகி, சக்கர இடைவெளி 2,560 மி.மீ. ஐசிஎஃப் போகி 2,896. எச்.ஓ.வில் நாலு மி.மீ. கிட்ட வரும், பக்கவாட்டில் பார்த்ததும் தெரியும். சக்கர விட்டம் இரண்டுக்கும் 915 மி.மீ. தான், அதை அப்படியே பயன்படுத்தலாம்.

அப்புறம் முக்கியமானது ஜன்னல். த்ரீ டயர் பெட்டி ஒரே கூடம், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே ஜன்னல் வரிசை. கோல்டன் சாரியட்டில் ஒரு பக்கம் அறைகள், மறுபக்கம் நடைபாதை. பெட்டியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு. பெரும்பாலானவர்கள் ஒரு பக்கப் படத்தைப் பார்த்து அதையே இரண்டு பக்கமும் ஒட்டிவிடுகிறார்கள். யஷ்வந்த்பூரில் எடுத்த வீடியோக்கள் நெட்டில் நிறைய இருக்கும், ரயில் கடந்து போவதை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்தவற்றைத் தேடிப் பிடித்து, பெட்டிவாரியாக நிறுத்தி நிறுத்தி ஜன்னலை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதை முடித்துவிட்டால் பாதி மாடல் முடிந்தது.

ரெண்டாம்_நடைமேடை:

அண்ணா சொல்வதெல்லாம் சரி, ஆனால் கேட்டவரிடம் எட்டுக்கு நாலு பலகை. ஐசிஎஃப் பெட்டி முனைகளில் நீட்டியிருக்கும் பஃபரோடு சேர்த்து 22,297 மி.மீ., அதாவது எச்.ஓ.வில் 256. பதினெட்டு பெட்டி, ஒரு எஞ்சின் என்றால் 4.85 மீட்டர் ஆகிறது. அந்தப் பலகையில் ஓவலின் சுற்றளவே ஆறு மீட்டருக்குள்தான் வரும், எஞ்சின் கடைசிப் பெட்டியைத் துரத்திக்கொண்டு ஓடும். முழு ரயிலையும் துல்லியமாகச் செய்ய முடியாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு எட்டுப் பெட்டியில் நிறுத்துவது நல்லது. முன்னும் பின்னும் ரயிலுக்கு மின்சாரம் தரும் பவர் கார், உணவகம் ஒன்று, மதிரா என்ற பார், பயணிகள் பெட்டி நாலு. எஞ்சினோடு 2.3 மீட்டரில் அடங்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நம்முடைய அகலப்பாதை 1,676 மி.மீ., 1:87-ல் 19.3 மி.மீ. வர வேண்டும். நாம் எல்லோரும் ஓட்டுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில். 37 மி.மீ. அகலப் பெட்டிக்குக் கீழே சக்கரம் ஒடுங்கி நிற்கிறது, நேராக முன்னால் நின்று பார்த்தால் தெரியும். அதை யாரும் பேசுவதில்லை, ஜன்னலில் அரை மி.மீ. தள்ளிப்போனால் மட்டும் பேசுகிறோம். எனக்கென்னவோ பவர் காரையும் பாரையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, பயணிகள் பெட்டிகளுக்குப் பெயிண்ட் மட்டும் மாற்றினாலே ஓடும்போது கண் ஏமாந்துவிடும் என்று தோன்றுகிறது.

லைன்_கிளியர்:

பாதை அகலம் பக்கவாட்டில் தெரியாது, ஜன்னல் தெரியும். ரயிலை நாம் எப்போதும் பக்கவாட்டில்தானே பார்க்கிறோம். எட்டுப் பெட்டி என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் எட்டுதான் என்றால் நாலு பயணிகள் பெட்டிக்கும் புதுச் சுவர் போடுவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை, சாக்குச் சொல்ல வழியே கிடையாது.

த்ரீடி பிரிண்டர் தேவையில்லை. 0.5 மி.மீ. ஸ்டைரீன் ஷீட்டில் பக்கச் சுவரை வரைந்து, ஜன்னல் மூலைகளில் முதலில் சின்ன டிரில் பிட்டால் துளை போட்டு, அப்புறம் துளைக்குத் துளை பிளேடால் கீறுங்கள், மூலை வளைவு தானாக வந்துவிடும். பழைய சுவர் மேலேயே இதை ஒட்டினால் பெட்டி அகலம் ஒரு மி.மீ. கூடும், ஜன்னலும் குகை மாதிரி ஆழமாகத் தெரியும். அதனால் பழைய சுவரில் ஜன்னல் பட்டை முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, மேலே ஒரு விளிம்பும் கீழே ஒரு விளிம்பும் மட்டும் விட்டு, அவற்றை அரம் வைத்துக் குறைத்து அதன்மேல் ஒட்டுங்கள். ஸ்டைரீனுக்கு பிளாஸ்டிக் சிமெண்ட் போதும். சூப்பர் க்ளூ வேண்டாம், பின்னாளில் ஜன்னல் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புகை படிந்துவிடும்.

கூரை அளவுக்கு எங்கும் அலைய வேண்டாம். சென்னையில் இருந்தால் ஐசிஎஃப் பக்கத்திலேயே ரயில் மியூசியம் இருக்கிறது, பழைய பெட்டிகளைக் கிட்டே நின்று பார்க்கலாம்.

ஏர்பிரஷ்_அக்கா:

இப்போது பெயிண்ட் பேசலாமா?

நம்பர் கேட்காதீர்கள், ஊதாவுக்கு நம்பர் சொல்லிப் பயனில்லை. ஊதா நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துத் திருப்பித் தரும் நிறம். மஞ்சள் வெளிச்ச எல்இடியில் நீலம் குறைவு, அதனால் அதே பெயிண்ட் அரக்கு மாதிரி தெரியும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு நீங்கள் கலக்கி வைத்தது ராத்திரி லேஅவுட் மேல் வேறு ரயிலாகிவிடும். ஓட்டுகிற அறையில் எந்த விளக்கு இருக்கிறதோ அதன் அடியில் ஸ்டைரீன் துண்டுகளில் நாலைந்து கலவை அடித்துக் காயவிட்டுத் தேர்ந்தெடுங்கள். கொஞ்சம் வெளிறிய கலவையையே எடுங்கள், சின்ன அளவில் அடர் நிறங்கள் கறுத்துப்போய்த் தெரியும்.

பழைய பெயிண்டை எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை ஸ்டைரீன் பக்கம் கொண்டுபோகவே கூடாது, பெட்டி உருகிவிடும்.

பொன் கோட்டைக் கடைசியில் வரையப் பார்க்காதீர்கள், கை நடுங்காதவர்களுக்கே அது வராது. தலைகீழாகச் செய்யுங்கள். ப்ரைமருக்கு அப்புறம் கோடு வருகிற இடமெல்லாம் முதலில் பொன்னிறம் அடியுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மேலே பளபளப்பு வார்னிஷ். அப்புறம் மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி, புதுப் பிளேடும் எஃகு ஸ்கேலும் வைத்து அரை மி.மீ. கீற்றாக வெட்டி, கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுங்கள். விளிம்பை மூடுவதற்காக இன்னொரு மெல்லிய வார்னிஷ் அடித்துவிட்டு அப்புறம் ஊதா. ஊதா முழுதாக இறுகுவதற்கு முன் டேப்பை உரித்தால் கோடு சுத்தமாக நிற்கும்.

பெயர்கள்: கதம்ப, ஹொய்சள, ராஷ்டிரகூட, கங்க, சாளுக்கிய, பாமினி, ஆதில் ஷாஹி, சங்கம, சாதவாகன, யதுகுல, விஜயநகர. எல்லாமே கர்நாடகத்தை ஆண்ட வம்சங்கள், அரசுகள். நாலு பெட்டிதான் என்றால் பிடித்த நாலை எடுத்துக்கொள்ளுங்கள், நான் என்றால் ஹொய்சளவை விடமாட்டேன். வீட்டுப் பிரிண்டரில் பொன்னிறமோ வெள்ளையோ அச்சாகாது, கிளியர் டெக்கால் ஷீட்டில், அதாவது நனைத்து ஒட்டுகிற மெல்லிய படத்தாளில், மஞ்சளாக அடித்தால் ஊதாவின் மேல் ஒட்டியதும் காணாமல் போகும். வெள்ளை மை வசதி இருக்கிற டெக்கால்காரரிடம் கொடுத்து அடித்து வாங்குவது ஒரு வழி. இப்போது ஸ்டிக்கர் கடைகளில் யுவி டிடிஎஃப் என்று ஒருவகை ஒட்டுப்படம் செய்கிறார்கள், பொன்னிறமும் வரும், விலையும் குறைவு, ஆனால் தடிமன் அதிகம், விரல் நகத்தில் தட்டும். ரயிலின் சின்னத்துக்கு அது ஓடும். பெயர் எழுத்துக்கு வேண்டாம்.

கூட்ஸ்ஷெட்:

எல்லோருக்கும் நன்றி. எட்டுப் பெட்டி, 2008, டபிள்யூடிபி-4 என்று முடிவு செய்துவிட்டேன். எல்எச்பி நாலையும் முனை வெட்டிப் பயணிகள் பெட்டியாக்கப் போகிறேன், சுவர் எப்படியும் புதுசு என்பதால் ஐசிஎஃப் பெட்டிகளைப் பவர் காருக்கும் உணவகத்துக்கும் பாருக்கும் வைத்துக்கொள்ளலாம். நாலு வம்சத்தில் ஹொய்சளவும் விஜயநகரவும் உறுதி. இன்னும் ஒரு சந்தேகம், விளக்கு போட்டால் வளைவில் எஞ்சின் திணறுமா? இப்போதே ஆறு பெட்டிக்கு மேல் வழுக்குகிறது.

ரெண்டாம்_நடைமேடை:

விளக்கினால் திணறாது, சக்கரத்திலிருந்து கரண்ட் எடுக்கிற கம்பி அழுத்திப் பிடிப்பதால்தான் திணறும். அதனால் ஒரு போகியில் மட்டும் எடுங்கள், கம்பி மெல்லிய பாஸ்பர் வெண்கலமாக இருக்கட்டும், சக்கர முதுகை லேசாகத் தொட்டால் போதும். பெட்டிக்கு ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஒரு 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு துண்டு எல்இடி ஸ்ட்ரிப். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே கடையில் கிடைக்கும். டிசிசி, அதாவது டிஜிட்டல் கட்டுப்பாட்டில் ஓட்டுவது என்றால் கெபாசிட்டருக்கு முன்னால் நூறு ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஸ்விட்ச் போட்டதும் எட்டுப் பெட்டியும் ஒரே நேரத்தில் கரண்டை உறிஞ்சி தண்டவாளத்துக்குக் கரண்ட் தரும் பூஸ்டர் ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும்.

எடை பற்றி அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ கணக்குப்படி பார்த்தால் இந்த நீளப் பெட்டிக்கு 170 கிராம் வருகிறது. எட்டுக்கும் அப்படி ஏற்றினால் உங்கள் எஞ்சின் நகராது. 120 கிராம் பக்கம் வைத்து, எடையைத் தரையோடு தரையாகப் போகிகளுக்கு மேலேயே ஒட்டி, சக்கரத்தை உலோகமாக்கிவிடுங்கள். அதற்கு மேலும் வழுக்கினால் எஞ்சினுக்குள் ஈயம் வையுங்கள்.

ஏர்பிரஷ்_அக்கா:

எல்இடி ஸ்ட்ரிப்பை ஒரே நீளமாகப் போடாதீர்கள். இது நாலு அறைப் பெட்டி, அறைக்கு அறை கறுப்பு அட்டையில் தடுப்பு வைத்து, ஒன்றிரண்டு அறையை இருட்டாகவே விடுங்கள். நடைபாதைப் பக்கம் தனி ஸ்ட்ரிப், அதற்குத் தனி ரெசிஸ்டர், கொஞ்சம் மங்கலாக. கூரைக்கும் சுவருக்கும் உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளி பெயிண்ட் அடிக்காமல் மூடினால் வெளிச்சம் ஸ்டைரீன் வழியாகக் கசிந்து ஊதா முழுக்க ரோஸாகத் தெரியும், இதைச் சுவர் ஒட்டுவதற்கு முன்னாலேயே செய்யுங்கள்.