யாழ்ப்பாணத்துத் தூள் செய்து விக்கப் போறன், செத்தல் மிளகாயும் மல்லியும் எங்க எடுக்கிறது?

வெள்ளவத்தைக்காரி:
வணக்கம் எல்லாருக்கும். அம்மாட பக்குவத்தில மிளகாய்த்தூள் வறுத்துத் திரிச்சு எங்கட ஃபிளாட் ஆக்களுக்கும் வெளிநாடு போற சொந்தக்காரருக்கும் குடுத்துக்கொண்டு வாறன், ரெண்டு வருஷமாச்சு. இப்ப மாசம் 30 கிலோ மட்டில போகுது. இனி ஒழுங்கா ஒரு பேர் வைச்சு பைக்கற் போட்டுக் கடைகளுக்குக் குடுப்பம் எண்டு நிக்கிறன். இவ்வளவு நாளும் காலி வீதியில சில்லறைக் கடையில தான் சாமான் எடுத்தனான், அந்த விலைக்கு எடுத்து கடைக்காரருக்கும் லாபம் விட்டா எனக்கு கேஸ் காசு கூட மிஞ்சாது.

போன கிழமை 100ஆம் நம்பர் பஸ்ஸில ஏறிக் கொழும்பு புறக்கோட்டை மொத்தச் சந்தைக்குப் போனன். நாலாம் குறுக்குத்தெருவில ஒரு கடையில எத்தனை மூட்டை எண்டு கேட்டாங்கள், 5 கிலோ எண்டு சொன்னதும் மற்றப் பக்கம் திரும்பிட்டாங்கள், அழுகை வந்திட்டுது. என்னை மாதிரி சின்ன ஆக்கள் எங்க எடுக்கிறது? நேரா இம்போர்ட்டரிட்டப் போகலாமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ ப்ளீஸ்.

நாலாங்குறுக்கு:
தங்கச்சி, நான் அந்தத் தெருவில தான் 17 வருஷமா கணக்கு எழுதுறேன், அங்க நடக்கிறது தெரியும், மனசு நோகாதீங்க. நீங்க போன நேரம் காலையா இருக்கும். காலையில வெளியூர்க் கடைக்காரங்க ஓடர் சொல்ற நேரம், நாட்டாமிமார் மூட்டை ஏத்துற நேரம், ரோட்டுல நடக்கவே இடமில்லை, அந்த நேரம் 5 கிலோ கேட்டா யாரும் நின்று பேச மாட்டாங்க. ரெண்டு மணிக்குப் பிறகு வாங்க, அப்ப முதலாளியே இருந்து பேசுவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் நிறையக் கடை மூடியிருக்கும், ஞாயிறு வரவே வேணாம்.

இம்போர்ட்டர் இப்ப தேவையில்லை. அவர் கன்டெய்னர் கணக்கில இறக்கி மொத்தக் கடைக்குக் கடனுக்குக் குடுக்கிறவர், உங்களோட 30 கிலோவுக்கு அங்க இடமில்லை. உங்களுக்கு வேண்டியது மூட்டை உடைச்சு விக்கிற கடை, எங்கட தெருவிலயும் பக்கத்துத் தெருக்கள்லயும் அப்படி இருக்கு. செத்தலும் மல்லியும் மாசத்துக்கு ஒரு மூட்டையாவது எடுக்கிற அளவு வந்ததும் அதே கடையில மூட்டை விலை கேளுங்க. முதல் மூணு நாலு தரம் கையில காசு குடுத்தே வாங்குங்க. இங்க கடன் என்றால் பிறகு வாற தேதி போட்ட செக் தான், ஒன்று திரும்பினா அந்தக் கதை அன்று பின்னேரமே தெரு முழுக்கப் போயிரும். காசுக்கு வாங்கினா விலையும் கொஞ்சம் குறைச்சுக் கேட்கலாம், அதைக் கேட்க வெட்கப்படாதீங்க.

செத்தல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து தான் வருது, குண்டூர்ப் பக்கம் பெப்ரவரி மார்ச்சில புது அறுவடை சந்தைக்கு வரும், மிச்சம் குளிர் கிடங்கில வச்சு வருஷம் முழுக்க அனுப்புவாங்க. அதனால புதுசா பழசா என்று கட்டாயம் கேளுங்க. கிடங்குச் சரக்கு நிறம் நல்லா இருக்கும், ஆனா வெளியில எடுத்தா ஈரம் இழுத்து மெத்தென்று ஆகிரும். ஒரு மிளகாயைக் காதுக்கிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, விதை கலகலங்கணும், மடக்கினா உடையணும்.

தெஹிவளை அக்கா:
பிள்ளை, நானும் இதே தொழில் தான், 9 வருஷம். மேல அண்ணா சொன்னது எல்லாம் சரி, நான் பட்டதைச் சொல்லுறன். ஒரு கடையில சாம்பிள் பாத்தன், அவ்வளவு நல்ல செத்தல், நம்பி மூட்டையோட எடுத்து வந்து வீட்டில கொட்டினா அடியில கால்வாசி ஈரம், பூஞ்சணம் பிடிச்சு மணக்குது. திருப்பிக் கொண்டு போனா அது உங்கட வீட்டில நனைஞ்சது எண்டு சொல்லிட்டினம். அண்டைக்கு நட்டப்பட்ட காசு ஒரு மாத வாடகை. அதுக்குப் பிறகு மூட்டையை அங்கயே அவிழ்த்து அடி மட்டும் கை விட்டுப் பாக்காமல் நான் ஒண்டும் ஏத்திறதில்லை, பில்லும் கேட்டு வாங்குவன். கறுத்த செத்தலை வறுத்தா மணம் மறைஞ்சிடும் எண்டு மலிவாத் தருவினம், வாங்கவே வாங்காதேங்கோ, பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் முழுசாப் போகாது, பிள்ளையள் சாப்பிடுற சாமான்.

இன்னொண்டு, வாங்கின விலையை அப்பிடியே கணக்குப் பாக்காதேங்கோ. 10 கிலோ செத்தல் காம்பு கிள்ளி வெயிலில போட்டு எடுத்தா என்ர தராசில 9க்குக் கீழ தான் நிக்கும், பிறகு வறுக்கேக்க ஒரு குறைவு, மில்லில ஒரு குறைவு. மலிவுச் சாமானில காம்பும் தூசும் கூட, கடைசியாப் பாத்தா விலை கூடின கடை தான் லாபமா வரும். ஒவ்வொரு கடைச் சாமானையும் தனியா நிறுத்து ஒரு கொப்பியில எழுதுங்கோ, மூண்டு மாசத்தில எந்தக் கடை உங்கட கடை எண்டு கொப்பியே சொல்லும். எண்டாலும் ரெண்டு கடையை எப்பவும் கையில வைச்சிருங்கோ. 2020ல மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டினது ஞாபகம் இருக்கும் தானே, அப்ப ஒரே கடையை நம்பி இருந்த நான் மஞ்சளுக்கு அலைஞ்ச அலைச்சல்! இப்ப குருநாகல் பக்கத்து உள்ளூர் மஞ்சள் தான், தூளா வாங்காமல் கிழங்கா வாங்குங்கோ, தூளில மாவும் சாயமும் கலக்கிறவை இருக்கினம்.

மாத்தளைப் பொடியன்:
அக்கா மிளகுக்கு ஏன் புறக்கோட்டை, எங்க ஊரு மாத்தளையில தோட்டத்துக்காரங்ககிட்டயே வாங்கலாங்க. கறுவா கராம்பும் நம்ம நாட்டுச் சரக்கு தானே. மிளகை ஒரு கைப்பிடி தண்ணியில போடுங்க, நல்ல மிளகு தாழும், பப்பாசி விதையும் சூம்பினதும் மிதக்கும். வீட்டாளுங்க கொழும்பு வரும்போது பஸ்ஸில 5 கிலோ கொண்டு வரலாம், அதுக்கு லொறி ஒண்ணும் வேணாங்க.

வெள்ளவத்தைக்காரி:
எல்லாருக்கும் நல்ல மனசு, கோடி நன்றி. நான் உண்மையில இந்த யோசனையையே விட்டிடுவமோ எண்டு இருந்தன். அக்கா, அந்தக் கொப்பி ஐடியாவை நாளைக்கே தொடங்குறன். இன்னொரு கேள்வி, பைக்கற் அச்சடிக்கிற இடத்தில கேட்டா ஆயிரக்கணக்கில எடுக்கச் சொல்லுறாங்கள், என்ன செய்யிறது?

தெஹிவளை அக்கா:
அச்சடிக்காதேங்கோ இப்ப! வெறும் பவுச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்கோ. உள்ளுக்கு வெள்ளி மாதிரி மினுங்கிற பவுச் எடுங்கோ, கண்ணாடி மாதிரித் தெரியிறதில வெளிச்சம் பட்டு தூள் நிறம் வெளுத்திடும். ஸ்டிக்கரில மூண்டு மொழியிலும் பேர், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, பச் நம்பர் (எந்தத் தடவை திரிச்சது எண்ட இலக்கம்), விலை, உங்கட விலாசம் எல்லாம் வரட்டும். அதுக்கு முதல் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில வியாபாரப் பேரைப் பதிஞ்சு, உங்கட பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவையும் ஒருக்கா சமையலறைக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. நான் அவருக்குப் பயந்து ரெண்டு வருஷம் ஒளிச்சு ஒளிச்சுச் செய்தனான், கடைசியில மனுசன் வந்து ஜன்னலுக்கு நெட் அடிக்கச் சொன்னது மட்டும் தான்.

நாலாங்குறுக்கு:
தங்கச்சி, வாற செவ்வாய் பின்னேரம் வாங்க. மூணு கடையில ஒவ்வொரு கிலோ செத்தல், ஒவ்வொரு கிலோ மல்லி, அவ்வளவு தான் எடுக்கணும். எந்தக் கடைச் சரக்கு என்று பையில பேனையால எழுதி வச்சு, மூணையும் ஒரே நாளில வறுத்துப் பாருங்க.