ட்ரயல், ஸ்க்ரிம், மேடை: வீடியோ கேம்ல ப்ரோ (தொழில்முறை ப்ளேயர்) ஆக முயற்சி பண்ணப்ப நடந்ததுல மனச விட்டுப் போகாத ஒரு விஷயத்த சொல்லுங்க

சென்டினல்_மெயின்:
ராங்க் ஏறிட்டா டீம்காரங்களே தேடி வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு தினமும் யாராவது எழுதுறாங்க, அதனால இத சொல்லியே ஆகணும். ஒரு டயர் டூ (ரெண்டாம் நிலை) வாலரன்ட் டீம்ல, அஞ்சுக்கு அஞ்சு பேர் ஆடுற ஷூட்டர் கேம் அது, சப்ஸ்டிட்யூட்டா இருந்தேன். டூயலிஸ்ட் (முன்னாடி போய் சண்ட போடுறவன்) இடம் காலியாச்சு, ரெண்டு பசங்க ட்ரயலுக்கு வந்தாங்க, ஒருத்தன் ரேடியன்ட், அதுதான் உச்ச ராங்க், இன்னொருத்தன் அதுக்குக் கீழ இருக்குற இம்மார்ட்டல். ரேடியன்ட் பையன் எய்ம் வேற லெவல், ஸ்க்ரிம் (டீமுக்கு டீம் ப்ராக்டிஸ் மேட்ச்) முழுக்க ஸ்கோர்போர்டுல அவன்தான் மேல. அவங்க ரெண்டு பேரும் வாய்ஸ் கால்ல இருந்து போனப்புறம் கோச் ரெக்கார்டிங்க போட்டாரு, ஆனா படத்த மறைச்சிட்டாரு, கேம் சத்தமும் இல்ல, பேசுற குரல் மட்டும் ஓடுது. ரேடியன்ட் பையன் செத்த ஒவ்வொரு தடவையும் "ஐயோ அவன் லோ, லோ (உயிர் கம்மி), எப்படி சாகல அவன்"னு நாலஞ்சு செகண்ட் போகுது, அந்த நேரத்துல க்ளட்ச்ல, அதாவது மத்தவங்க செத்து கடைசியா தனியா நிக்கிறவனுக்கு ஃபுட்ஸ்டெப் எப்படி கேக்கும்? அடுத்து இம்மார்ட்டல் பையன். "ஹெவன்ல ஒருத்தன், 84 அடிச்சிருக்கேன், அல்ட் வச்சிருக்கான்." எதிரி எங்க நிக்கிறான் (ஹெவன்னா மேப்ல உயரமான இடம்), எவ்ளோ டேமேஜ், ஸ்பெஷல் பவர் (அல்ட்) இருக்கா, அவ்ளோதான், அப்புறம் வாயே திறக்கல. கோச் அவனத்தான் எடுத்தாரு. மொத பையன் மறுநாள் எனக்கு டிஸ்கார்ட்ல "அண்ணா நான்தானே அதிக கில் எடுத்தேன்"னு கேட்டான். மேனேஜ்மென்ட் காரணம் எதுவும் சொல்லக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. அந்த ஆடியோவ ஒரே ஒரு தடவ அவனுக்குப் போட்டுக் காட்டியிருந்தா அடுத்த ட்ரயல்ல அவன் பாஸ் ஆகியிருப்பான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

ஹெட்ஷாட்_மட்டும்:
நண்பா கோவிச்சுக்காதீங்க, இத படிச்சுட்டு பசங்க எய்ம விட்டுட்டு காம்ஸ் (டீமுக்குள்ள பேசுறது) கத்துக்கக் கிளம்பிடுவாங்க. கவுன்டர்-ஸ்ட்ரைக் (சிஎஸ்) ப்ளேயர் டாங்க் 2024ல ஐஇஎம் கட்டோவிட்சே டோர்னமென்ட்ல எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) வாங்கினப்ப வயசு 17. அழகா பேசினதுக்கா குடுத்தாங்க? சுட்டதுக்குத்தான் குடுத்தாங்க.

என் கதை சின்னது. சிஎஸ் ஆடுற ஃபேஸிட் தளத்துல உச்சமான லெவல் 10, எதிர் டீம்ல நிஜமான ப்ரோ ஒருத்தர், மேப் மிராஜ். அதுல கனெக்டர்ங்கிற இடத்துல நின்னுட்டு இருந்தேன், நான் லேசா நகர்ந்தேன், ஒரே புல்லட், செத்தேன். வால்ஹேக்குன்னு (சுவருக்குப் பின்னாடி பாக்குற ஏமாத்து) டீம்ல எல்லாரும் கத்துனாங்க. மேட்ச் முடிஞ்சதும் டெமோவ (மேட்ச் ரெக்கார்டிங்) இறக்கி அவரோட பார்வையில ஓட்டிப் பாத்தேன். நான் வர்றதுக்கு முன்னாடியே அந்த ஓரத்துல சரியா தலை உயரத்துல அவர் க்ராஸ்ஹேர் (குறி வைக்கிற புள்ளி) நிக்குது. அவர் என்ன தேடவே இல்ல, நானாத்தான் அதுக்கு முன்னாடி நடந்து போயிருக்கேன். அதுக்கப்புறம் மொத்த மேட்சையும் பாத்தேன், ஒவ்வொரு மூலையிலயும் அப்படித்தான், சுவர் தாண்டுறதுக்கு முன்னாடியே ரெடி, நகர்ற திசைக்கு எதிர் கீய தட்டி நின்னு அப்புறம்தான் சுடுறாரு, ஓடிக்கிட்டே சுட்ட ஒரு ரவுண்டு கூட கிடையாது. மவுஸ் சென்சிட்டிவிட்டிய வாரா வாரம் மாத்துறவங்க தயவு செஞ்சு நிறுத்துங்க. 400 டிபிஐ, 800 டிபிஐ எதுவா இருந்தாலும் ஒண்ண புடிச்சு அதுலயே இருங்க. ப்ரோக்கள்ல பெரும்பாலானவங்க சென்ஸ் கம்மியா வச்சு முழு கையையும் நகர்த்தி ஆடுறவங்க.

சென்டினல்_மெயின்:
எய்ம் வேணாம்னு நான் எங்க ப்ரோ சொன்னேன்? இம்மார்ட்டல் பையனுக்கும் எய்ம் இருந்துச்சு. அது இருந்தாத்தான் ட்ரயலுக்கே கூப்பிடுவாங்க. கூப்பிட்டப்புறம் பாக்குறது வேற.

ஃப்ரேம்_டேட்டா:
ரெண்டு பேரும் ஷூட்டர் மட்டும்தான் கேம்ங்கிற மாதிரி சண்ட போடுறீங்க. ஃபைட்டிங் கேம்ல ட்ரயலும் கிடையாது கோச்சும் கிடையாது. யார் வேணா சேரலாம்ங்கிற ஓப்பன் ப்ராக்கெட்ல காசு கட்டி பேர் குடுத்தா சாம்பியனும் நாமளும் ஒரே பூல்ல (ஆரம்பச் சுற்று குரூப்) வரலாம், ரெண்டு மேட்ச் தோத்தா வெளிய. அர்ஸ்லான் ஆஷ் பாகிஸ்தான்ல இருந்து வந்து 2019ல ஈவோ ஜப்பான், அமெரிக்காவுல நடந்த ஈவோன்னு ரெண்டு பெரிய டோர்னமென்டையுமே டெக்கன் 7ங்கிற ஃபைட்டிங் கேம்ல ஜெயிச்சாரு, அதுக்கு முன்னாடி வெளிநாட்டுல அவர் பேர் தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. யாரும் ஸ்கவுட் பண்ணி கூட்டிட்டு வரல.

எனக்கு மனசுல நிக்கிறது என்னன்னா, பூல்ஸ்ல ஒருத்தர்கிட்ட மொத கேம் ஜெயிச்சேன். கேரக்டர் செலக்ட் ஸ்க்ரீன் வந்ததும் அவர் மடியில இருந்த நோட்ட எடுத்து பக்கம் புரட்டுறாரு, எட்டிப் பாத்தா மேல என் கேரக்டர் பேரு, கீழ கையால எழுதின மூவ் லிஸ்ட், எது ப்ளாக்ல மைனஸ் 10, எது மைனஸ் 13 (எதிரி தடுத்துட்டா அடிச்சவன் எத்தன ஃப்ரேம் பின்தங்குவான்னு), எதுக்கு எதால பனிஷ் (திருப்பி அடிக்கலாம்)னு. கேம் செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல ஓடுது, 10 ஃப்ரேம்னா கண்ண சிமிட்டுற நேரம், அத பாத்து யோசிச்சு அடிக்க முடியாது, முன்னாடியே கைக்குப் பழகியிருக்கணும். அடுத்த ரெண்டு கேம்லயும் நான் போட்ட அதே ஸ்ட்ரிங்குக்கு (தொடர் அடி) ஒவ்வொரு தடவையும் ஜாப் (வேகமான குத்து) வாங்கினேன். மத்தவங்க கேரக்டர பத்தி அவருக்குத் தெரிஞ்ச அளவு என் கேரக்டர பத்தி எனக்கே தெரியாதுன்னு அன்னிக்குத்தான் உறைச்சுச்சு.

ஆறாவது_ஆள்:
நானும் சொல்றேன். எனக்கு 17 வயசுல ஒரு ஆர்கனைசேஷன் கான்ட்ராக்ட் குடுத்தாங்க, கையெழுத்துப் போட்டேன், மெயின் அஞ்சு பேர்ல விளையாட விடவே இல்ல. பெரிய டீம் ஒண்ணு என்ன எடுக்கணும்னு கேட்டப்ப பை-அவுட் தொகைய (கான்ட்ராக்ட்ல இருந்து விடுவிக்கக் கேக்குற காசு) சொல்லியிருக்காங்க, அந்த மேனேஜர் ஃபோன்ல "இவ்ளோவா தம்பி?"ன்னு கேட்டுட்டு வச்சிட்டாரு. அந்த ஒரு கேள்வி இன்னிக்கும் காதுல இருக்கு.

அதனால கான்ட்ராக்ட் வந்தா என்ன பாக்கணும்னு சொல்லிடுறேன். பை-அவுட் எவ்ளோன்னு எண்ணுலயே எழுதியிருக்கணும், "பேசி முடிவு பண்ணுவோம்"ங்கிறத நம்பாதீங்க. சம்பளம் எந்தத் தேதிக்குள்ள, லேட் ஆனா நீங்க வெளிய போக உரிமை உண்டா. பரிசுப் பணத்துல டீமுக்கு எத்தன சதவீதம், அது வரி போறதுக்கு முன்னாடியா பின்னாடியா. மாசம் எவ்ளோ நேரம் ஸ்ட்ரீம் பண்ணணும், ஸ்ட்ரீம் வருமானம் யாருக்கு. கான்ட்ராக்ட் முடிஞ்சதும் உங்க கேம் அக்கவுன்ட், சோஷியல் மீடியா அக்கவுன்ட் யார்கிட்ட இருக்கும். பெஞ்ச்ல உக்கார வச்சா சம்பளத்த குறைப்பாங்களா, குறைச்சா எவ்ளோ. எத்தன மாசம் பெஞ்ச்ல இருந்தா நீங்க வேற டீம் தேடலாம். மைனரா இருந்தா அப்பா அம்மா கையெழுத்து வேணும், அவங்க படிச்சுப் பாத்துப் போடட்டும், முடிஞ்சா ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. "இன்னிக்கு ராத்திரிக்குள்ள கையெழுத்து"ன்னு அவசரப்படுத்துற இடத்துல கண்டிப்பா ஏதோ இருக்கு. அப்புறம் இன்னொண்ணு, காசு வாங்கிட்டு மேட்ச விட்டுக் குடுக்கச் சொல்லி யாராவது கேட்டா ப்ளாக் பண்ணுங்க, சிஎஸ்ல 2015ல கேம் கம்பெனி வால்வ் தடை பண்ணவங்க அப்ப உச்சத்துல இருந்த ப்ளேயருங்க, வருஷக்கணக்கா மேஜர் (சிஎஸ்ஸோட பெரிய டோர்னமென்ட்) பக்கமே வர முடியல.

ஹெட்ஷாட்_மட்டும்:
அண்ணா கான்ட்ராக்ட் பத்தி இங்க யாரும் கேக்கலயே. ஆனாலும் சேவ் பண்ணிக்கிட்டேன்.

பப்_மிட்லேனர்:
டோட்டா பக்கம் இருந்து ஒண்ணு. 2018 டிஐல (டோட்டாவோட உலகப் போட்டி) ஓஜி டீம் ஓப்பன் குவாலிஃபயர்ல (யார் வேணா ஆடுற தகுதிச் சுற்று) இருந்து வந்து கோப்பைய தூக்குனாங்க, அதுல மிட் (நடு லேன்) ஆடின டாப்சனுக்கு அந்த மாதிரி மேடை புதுசு, அதுவரைக்கும் பப் (ஆன்லைன்ல முன்பின் தெரியாதவங்க கூட ஆடுற) ஆட்டத்துல பேர் வாங்கின ஆளு. அடுத்த வருஷமும் அவங்கதான். அதனால ராங்குக்கு மதிப்பில்லன்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியாது சென்டினல் நண்பா. அவர கண்டுபுடிச்சதே ராங்க்தானே.

என் அனுபவம், ஒரு ஓப்பன் குவாலிஃபயர்ல எங்க அஞ்சு பேரும் தனித்தனியா எதிர் டீம விட ராங்க் அதிகம். கேம் நல்லாத்தான் போச்சு, மேப்ல இருக்குற பெரிய மான்ஸ்டர் ரோஷன் கிட்ட ஒரே ஒரு ஃபைட், எங்க கேப்டன் "போலாம்"ங்கிறாரு, ஆஃப்லேனர் (இன்னொரு லேன் ப்ளேயர்) "வேணாம் பைபேக் (செத்தா காசு குடுத்து உடனே திரும்பி வர்றது) இல்ல"ங்கிறான், ரெண்டு பேர் உள்ள, மூணு பேர் வெளிய. எதிர்ல அஞ்சு பேரும் ஒரே நேரத்துல உள்ள வந்தாங்க. அவங்க முடிவு சரியான்னு கூட எனக்குத் தெரியல, ஆனா அஞ்சு பேரும் ஒரே முடிவு.

சென்டினல்_மெயின்:
இதத்தான் நண்பா நானும் சொன்னேன் 🙂

அக்கா_ஒருத்தி:
நான் கேம் ஆடுறதில்ல, தம்பிக்கு 15 வயசு, வாலரன்ட். எல்லாத்தையும் படிச்சேன். போன வாரம் அவன் ஒரு டோர்னமென்ட்ல தோத்தான், 11-13. கத்துவான், கீபோர்ட தட்டுவான், இல்ல உடனே அடுத்த கேம் போடுவான்னு நெனச்சேன். ஹெட்செட்ட கழட்டினான், தண்ணி குடிச்சான், அதே மேட்ச் வீடியோவ போட்டு மொத ரவுண்டுல இருந்து நிறுத்தி நிறுத்திப் பாத்து எழுத ஆரம்பிச்சுட்டான். ராத்திரி "ஸ்கூல விட்டுட்டு முழு நேரமா ஆடட்டுமா"ன்னு கேட்டான். வீட்ல ஒரே சண்ட. எனக்கு அவன் எழுதினதுதான் கண்ணு முன்னாடி நிக்குது, ஆனா மணிக்கட்டு வலிக்குதுன்னும் சொல்றான். என்ன சொல்றதுன்னு தெரியல.

சென்டினல்_மெயின்:
அக்கா, மொத மணிக்கட்ட டாக்டர்கிட்ட காட்டுங்க, இத தள்ளிப் போடாதீங்க. லீக் ஆஃப் லெஜன்ட்ஸ் ஸ்டார் ஃபேக்கர் கூட 2023ல கை வலியால சீசன் நடுவுல கொஞ்ச நாள் ஆடாம உக்காந்தாரு, திரும்பி வந்து அதே வருஷம் வேர்ல்ட்ஸ் (உலகக் கோப்பை) ஜெயிச்சாரு. ரெஸ்ட் எடுத்தா கேம் போயிடாதுன்னு அவன்கிட்ட சொல்லுங்க.

ஸ்கூல விட வேண்டியதே இல்ல. விசிடில (வாலரன்ட்டோட அதிகாரப்பூர்வ ப்ரோ தொடர்) ஆடவே 16 வயசு ஆகணும், அவன் இப்ப விட்டாலும் போக இடம் இல்ல. ஸ்க்ரிம் பெரும்பாலும் சாயங்காலத்துக்கு மேலதான் நடக்கும், ஸ்கூல் முடிஞ்சு வந்து ஆடலாம். அவனுக்கு இப்ப வேண்டியது மாறாத ஒரு அஞ்சு பேர் டீம், வாரத்துல சில நாள் ஸ்க்ரிம், அப்பப்ப ஓப்பன் குவாலிஃபயர். அந்த நோட்டுல என்ன எழுதினான்னு கேட்டுப் பாருங்க. "இவன் சொதப்பிட்டான், அவன் லேட்"னு இருந்தா ஒண்ணு, தான் எங்க நின்னேன், என்ன சொன்னேன்னு இருந்தா வேற. ரெண்டாவதுன்னா எனக்கு மெசேஜ் பண்ணச் சொல்லுங்க, எங்க பழைய கோச் இப்ப சின்னப் பசங்க டீம் ஒண்ண பாத்துக்குறாரு, நான் பேசுறேன்.