பழைய ஊட்டியைச் சுற்றிப் பார்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அப்பா, அம்மாவோடு ஊட்டி வருகிறேன். இ-பாஸ் எடுத்தாயிற்று. படகு இல்லம், சாக்லேட் கடையெல்லாம் வேண்டாம். பழைய ஊரைப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறதே, வெளியாட்களை உள்ளே விடுவார்களா? 1829-இல் அடிக்கல் நாட்டிய செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில், திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து கொண்டுவந்த உத்தரங்களை அப்பா பார்த்தே தீர வேண்டுமாம். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், விடமாட்டார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சேரிங் கிராஸிலிருந்து தேவாலயத்துக்கு ஏற்றம் அதிகமா, ஆட்டோ பிடிப்பதே நல்லதா? 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்குக் காலையிலேயே போனால் மூடுபனியிலிருந்து தப்பலாமா? கேத்தி காட்சிமுனையில் வண்டி நிறுத்த இடம் உண்டா?

அப்புறம், பழைய தெருக்களின் கதை தெரிந்த உள்ளூர் வழிகாட்டி இருந்தால் சொல்லுங்கள்.