மறு: அட்டவணையில் "குறிப்பிடத்தக்க வேறுபாடு" – "புலப்பாடு" எனலாமா?

வணக்கம். புள்ளிவிபர ஆய்வில் statistical significance என்பதற்கும் பி-பெறுமானத்துக்கும் (p-value) தமிழில் என்ன சொல் வழங்கலாம் என்பதே பேச்சு. நீங்கள் எழுதியது:

> பி-பெறுமானத்தைத் "தற்செயல் நிகழ்தகவு" என்போம். அது 0.05இலும் குறைந்தால் "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று எழுதுவோம்.

முதற்சொல்லை ஏற்கமாட்டேன். குழுக்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் பி-பெறுமானத்தைக் கணிக்கிறோம். அந்நிலையிலும் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்பதையே அது சொல்கிறது. பெறுபேறு தற்செயலாக வந்ததற்கான நிகழ்தகவு அன்று. மாணவர் வழக்கமாக விடும் பிழையையே கலைச்சொல்லாக்கிக் கொடுப்பானேன்?

இரண்டாவதுதான் பெரிய வழக்கு. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தோட்டக் கிணறுகளையும் வீட்டுக் கிணறுகளையும் நைத்திரேற்றுக்காக (nitrate) ஒப்பிடுகிறோம் என்று வையுங்கள். கற்பனை எண்கள்தான்: இடை (சராசரி) லீற்றருக்கு முறையே 31, 29 மில்லிகிராம், பி 0.03. "குறிப்பிடத்தக்க வேறுபாடு" என்று எழுதிவிட்டால், வாசிப்பவர் தோட்டக் கிணற்றுப் பக்கமே போகமாட்டார். இரண்டுமோ உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவான 50க்குக் கீழே! கிணறுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால், அற்ப வேறுபாட்டுக்கும் பி 0.05க்குக் கீழே இறங்கிவிடும்.

ஆகவே "புலப்பாடு". வேறுபாடு புலப்பட்டது, புலப்படவில்லை, புலப்பாட்டு மட்டம் 0.05. "புலப்படவில்லை" என்றால் வேறுபாடு இல்லை என்றாகிவிடாது. மாதிரி சிறிதாயிருந்ததால் பிடிபடாமலும் போயிருக்கலாம். (0.05ஐ 1925இல் புள்ளிவிபர அறிஞர் ஃபிஷர் வசதியான எல்லை என்றே சொன்னார். வேதவாக்காக்கியது பின்வந்தவர்கள்.)

அட்டவணையில் ஒவ்வொரு குழுவுக்கும் எண்ணிக்கை, இடை, நியம விலகல், அடுத்த நிரல்களில் வேறுபாடும் அதன் 95% நம்பிக்கை ஆயிடையும் (confidence interval), பி கடைசியில். பி சிறிதான இடங்களைக் காட்டும் உடுக்குறிகள் (*) வேண்டாம். மென்பொருள் 0.000 என்று துப்பினால் <0.001 என எழுதுங்கள். தமிழகத்து நண்பர்களுக்கு: எங்கள் நியம விலகல்தான் உங்கள் திட்ட விலக்கம்.

—

> ஆகவே "புலப்பாடு".

சொல் பிடித்திருக்கிறது, ஐயா. ஆனால் இலக்கிய ஆய்வில் "புலப்பாட்டு நெறி" என்று ஏற்கெனவே வழங்குகிறது. அங்கே அது வெளிப்பாட்டு முறை. முதலில் வருமிடத்தில் "புள்ளிவிபரப் புலப்பாடு" என்று முழுமையாக எழுதிவிட்டுப் பிறகு சுருக்கலாம். நிரலின் தலைப்பில் "பி" மட்டும் போதும். உடுக்குறியை மட்டும் விட்டுவையுங்கள். இருபது நிரை கொண்ட அட்டவணையில் அதுவும் இல்லாவிட்டால் கண் எங்கே போய் நிற்கும்?