பரணுயரமும் எய்வுயரமும்: ஒரு முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு,

மரபு வில்லால் மான் வேட்டையாடுவோர் மரத்தில் பொருத்திக்கொண்டு ஏறி நிற்கும் சிறு தட்டுக்குத் தமிழில் என்ன பெயர், அதன் உயரத்தை எச்சொல்லாற் குறிப்பது என்று கேட்கப்பட்டிருந்தது. வந்திருக்கும் மூன்று முன்மொழிவுகளுள் ‘மரத்தாங்கி’யை முதலில் ஒதுக்கிவிடலாம். இலங்கையில் தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கிதான். வன்னியில் ஒருவர் இச்சொல்லை வாசித்தால் பலகையாற் செய்த நீர்த்தொட்டி என்றே விளங்கிக்கொள்வார். ‘மரமேடை’ அவ்வளவு பிழையன்று; ஆயினும் மேடை என்றதும் ஒலிபெருக்கியும் மாலையும் நினைவுக்கு வருகின்றன, ஒருவர் பிறர் கண்ணிற் படாமல் அசையாது நிற்பதற்காக ஏறும் இடத்துக்கு அது ஒட்டவில்லை. மூன்றாவதான ‘பரண்’ என்பதே என் தெரிவு. ஆனால் ‘பரண் உயரம்’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

வன்னியிலுள்ள நெடுங்கேணிப் பக்கத்தில் வயற்காவலுக்குப் பரண் கட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர் என் பெரியப்பா. பரணை எவ்வளவு உயரத்திற் கட்டுவது என்று அவரிடம் கேட்டால், அடிக்கணக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். யானையின் தும்பிக்கை எட்டக்கூடாது என்பார். பன்றியை விரட்டத்தான் காவல், ஆனால் உயரத்தைத் தீர்மானித்தது யானை. குறிஞ்சிப்பாட்டில் மரத்தின்மீது கட்டப்பட்ட தினைக்காவல் இதணத்தைப் ‘புலி அஞ்சு இதணம்’ என்று கபிலர் சொல்வதும் இதே வழக்குத்தான்: உயரம் காவலிருப்பவரின் பாதுகாப்பைக் கொண்டு அளக்கப்படுகிறது. (இதணம் என்ற சொல்லையே மீட்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். அழகான சொல்தான், ஆனால் வாசகருக்கு அதையும் விளக்கி, பரண் என்றும் அடைப்புக்குள் எழுத வேண்டியிருக்குமானால் பயன் என்ன?)

வில்லாளியின் பரணில் உயரத்தைத் தீர்மானிப்பது வேறொன்று. வட அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்கு இத்தகைய பரண்கள் பெரும்பாலும் 15 முதல் 20 அடி உயரத்திலும், சிலரால் அதற்கு மேலும் பொருத்தப்படுகின்றன. உயரம் கூடினால் மானின் பார்வைக் கோட்டிலிருந்து ஆள் விலகுவார், அவருடைய வாடையும் ஓரளவு மேலாகச் செல்லும். ஆனால் நெடுவில்லையும், நுனிகள் முன்னோக்கி வளைந்த எதிர்வளைவு வில்லையும் கொண்டு வேட்டையாடுவோரிற் பலர் 10 அல்லது 12 அடியிலேயே நின்றுவிடுகிறார்கள். 1966இல் காப்புரிமை கோரப்பட்டு 1969இல் அது வழங்கப்பட்ட கப்பி வில் (நுனிகளிற் கப்பிகள் பூட்டியது) வந்தபின்னரே மற்றவற்றுக்கு ‘மரபு வில்’ என்ற அடைமொழி தேவைப்பட்டது. கப்பி வில்லை முழுதாக இழுத்துப் பிடித்தால் கையிற் சுமை பெரிதும் குறைந்துவிடும். மரபு வில்லிலோ இழுக்க இழுக்கச் சுமை ஏறுமேயன்றிக் குறையாது. ஆகவே நெடுநேரம் பிடித்திருக்க இயலாது. வில்லில் குறிபார்க்க உதவும் குறிகாட்டியும் பெரும்பாலும் இல்லை. மான் 60 அடிக்குள், முடிந்தால் அதற்கும் மிகக் கிட்ட, வரவேண்டும். கிட்ட வந்த விலங்கை உயரத்திலிருந்து எய்யும்போதுதான் கோணம் செங்குத்தாகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நிற்பவரின் அம்பு தட்டிலிருந்து நாலரை அடி மேலே இருப்பதாகவும், மானின் நெஞ்சு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருப்பதாகவும் கொண்டால், 12 அடிப் பரணிலிருந்து 45 அடி தொலைவில் நிற்கும் மானுக்கு இறக்கக்கோணம் ஏறக்குறைய 17 பாகை, 30 அடியில் 25 பாகை, 15 அடியில் 43 பாகை. பரணை 20 அடிக்கு உயர்த்தினால் அதே தொலைவுகளில் அவை 26, 36, 56 பாகைகளாகிவிடும். இறக்கக்கோணம் கூடக்கூட மேலிருந்து காணும் உயிர்நிலை (இதயமும் நுரையீரல்களும் உள்ள பகுதி) குறுகுகிறது; அம்பு இரு நுரையீரல்களையும் ஊடுருவாமல் ஒன்றை மட்டுமே துளைத்து வெளியேறக்கூடும், அப்படிப்பட்ட மான் நெடுந்தூரம் ஓடிக் கைக்கெட்டாமற் போய் எங்கோ வதைபட்டுச் சாகும். தவிர, ஐந்தரை அடிக்கு மேல் நீளமுள்ள நெடுவில்லின் கீழ்க்கை (வில்லின் கீழ்ப்பாதி), காலடியிற் குனிந்து எய்யும்போது தட்டின் விளிம்பிலோ தொடையிலோ தட்டும். இடுப்பில் வளையாமற் கையை மட்டும் தாழ்த்தினால் இழுவை குறுகி அம்பு குறி தவறும்.

இங்கேதான் சொற்சிக்கல். என் ஊர்க் குளக்கட்டில் நிற்கும் ஒரு மருத மரத்தை எடுத்துக்கொள்வோம். கட்டின் மேற்பரப்பு குளத்தின் உட்தரையைவிட 8 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மரத்தில் 12 அடியில் தட்டைப் பொருத்தி, மாரி முடிந்து நீர் வற்றிய குளத்துக்குள் நிற்கும் ஒரு விலங்கைப் பார்த்தால், ஏணியை வைத்து அளந்தவர் 12 அடி என்பார். அம்பின் கணக்கிலோ அது 20 அடிப் பரண். இரண்டையும் ‘பரண் உயரம்’ என்ற ஒரே தொடரால் எழுதினால் வாசிப்பவர் தவறான கோணத்தைக் கணக்கிடுவார். வன்னி சமதரைதானே என்பவர்கள் எங்கள் குளக்கட்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

எனவே இரண்டு சொற்கள் வேண்டும். மரத்தின் அடியிலிருந்து தட்டு வரையுள்ள உயரம் ‘பரணுயரம்’. விலங்கு நிற்கும் தரை மட்டத்திலிருந்து அம்பு புறப்படும் இடம் வரையுள்ள செங்குத்து உயரம் ‘எய்வுயரம்’. மேலே சொன்ன குளக்கட்டுப் பரணில் பரணுயரம் 12 அடி, எய்வுயரம் (கட்டின் 8, பரணின் 12, அம்பின் நாலரை சேர்த்து) இருபத்து நாலரை அடி. விழுந்தால் என்னவாகும் என்பதைப் பரணுயரம் சொல்லும் (விழாமற் காக்கும் உடல்வார் கட்டாமல் ஏறுவோருக்கு 12 அடியும் கூடுதல்தான்). அம்பு எப்படிப் பாயும் என்பதை எய்வுயரம் சொல்லும்.

‘எய்யுயரம்’ என வினைத்தொகையாக அமைப்பது சுருக்கமாயிருக்கும் என்பதை அறிவேன். ஆனால் எய் என்பது பழந்தமிழில் முள்ளம்பன்றிக்கும் பெயர். வேட்டை பற்றிய கட்டுரையில் அச்சொல்லைக் கண்டு முள்ளம்பன்றியின் உயரத்தை எதற்காக அளக்கிறார்கள் என்று எவரேனும் கேட்டால் பழி நம்முடையது. ‘ஏவுயரம்’ என்பதை ஏவுகணை எடுத்துக்கொண்டுவிட்டது. உய் என்பதிலிருந்து உய்வு பிறந்ததுபோல எய் என்பதிலிருந்து எய்வு பிறப்பதில் இலக்கணத் தடை எதையும் நான் காணவில்லை. இறக்கக்கோணத்துக்குப் புதுச்சொல் தேடவேண்டாம். பாடசாலைக் கணிதத்தில் அனைவரும் படித்த சொல் அது.

வகைகளுக்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை: ஏணியோடு கூடியது ஏணிப்பரண், தண்டில் வாரிட்டு மாட்டுவது கொளுவுபரண், ஆளோடு சேர்ந்து மரத்தில் ஏறுவது ஏறுபரண். தமிழகத்து நண்பர்களுக்குக் ‘கொளுவு’ அந்நியமாகத் தோன்றுமானால் ‘மாட்டுபரண்’ என்பதையும் ஏற்பேன், மாட்டைக் கட்டும் பரணா என்று எங்கள் பக்கத்தில் கேட்பார்கள் என்ற எச்சரிக்கையோடு.

ஓர் ஐயத்தையும் தீர்த்துவிடுகிறேன். இலங்கையில் வேட்டையைக் கட்டுப்படுத்தும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையிலிருக்க, இச்சொற்கள் இங்கே எவருக்குப் பயன்படும் என்று கேட்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்படும், குளத்தோரத்தில் பரண் கட்டி ஒளிப்படம் எடுப்போருக்கும் இறக்கக்கோணம் உண்டு, ஆனால் அவர்களுக்கு எய்வுயரம் பொருந்தாது. அவர்கள் கண் மட்டத்தைக் குறிக்க ‘நோக்குயரம்’ என்று தனியே ஒரு சொல் வைத்துக்கொள்ளலாமா என்பதைப் படப்பிடிப்பு அறிந்தவர்கள் சொன்னால், மூன்றையும் ஒரே பதிவாகச் சேர்த்துவிடலாம்.